இன்னொருவர் உடுப்பு

காலை ஆறு பத்து. செஞ்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே முதலில் கண்ணில் பட்டது ஒரு பீரங்கி வண்டி. அதற்குப் பின்னால் பனிமலை, மலைமேல் மூவர்ணக் கொடி. பேனரின் நடுவில், இந்திய ராணுவச் சீருடையில் என் அக்கா மகன். கழுத்துவரைதான் அவன். அதற்குக் கீழே இருந்த உடம்பு யாருடையதோ. தோள் அகலம்கூடப் பொருந்தவில்லை.

அவன் இந்திய ராணுவத்தில் இருந்ததே இல்லை. பாண்டிச்சேரியில் சமையல் படித்து, பிரான்சுக்கு உணவக வேலைக்குப் போனவன். பிறகு அந்த நாட்டு ராணுவத்தில், வெளிநாட்டுக்காரர்களை எடுக்கும் படையில் சேர்ந்து, பணியில் இறந்தான். அங்கேயே அடக்கம் செய்தார்கள். அக்காவுக்கு விசா வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த நாட்டு உடுப்பில், வெள்ளைத் தொப்பியோடு அவன் நிற்கும் படத்தைச் சட்டம் போட்டு வைத்திருந்தாள். அஞ்சலிக் கூட்டம் நடத்துகிறோம் என்று தெரு இளைஞர் மன்றத்தினர் வந்தபோது அவள் கேட்டது ஒன்றுதான்: பேனரில் அந்தப் படத்தைப் போட வேண்டும். செல்போனில் அதை எடுத்துக்கொண்டும் போனார்கள்.

மன்றச் செயலாளரைப் போனில் பிடித்தேன்.

“இன்னாண்ணே, காலங்காத்தாலயே டென்ஷன் ஆவுற? மூஞ்சி அவன்துதான?”

“உடுப்பு அவன்து இல்லப்பா.”

“அத யாருண்ணே பாக்கப் போறாங்க? பதினோரு மணிக்குக் கூட்டம். இனிமே அடிக்க டைம் இல்ல.”

பேனர் அடித்த கடைக்குப் போனேன். கடைக்காரர் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். துப்பிவிட்டு வந்து விளக்கினார்.

“அந்தத் தொப்பியோட வச்சுப் பாத்தேண்ணே. கல்யாண பேண்டு செட்டுல வாசிக்கிறவரு மாதிரி இருக்குது. அதான் நம்ம டிரஸ்ஸ மாட்டிட்டேன். பார்டர்னா பீரங்கி வேணும்ல?”

எந்த பார்டர் என்று கேட்டேன்.

“ஏதோ ஒரு பார்டருண்ணே.”

ஒன்பது மணிக்கு அந்த பேனரை இறக்கினார்கள். கொஞ்சம் நம்பிவிட்டேன். பத்தேகாலுக்குப் புதியது ஏறியது. பழையதில் அவனுக்குக் கீழே ஊர்ப் பெரிய மனிதர்கள் பதினெட்டுப் பேரின் படங்கள் வரிசையாக இருந்தன. அரிசி மண்டிக்காரர் படம் விட்டுப்போய்விட்டதாம். அவர் கோபித்துக்கொண்டதால் பத்தொன்பதாக்கி மறுபடி அடித்திருந்தார்கள். பீரங்கியும் பனிமலையும் அப்படியே. வரிசைக்கு இடம் வேண்டுமென்று அவன் முகத்தைச் சற்றுச் சிறிதாக்கியிருந்தார்கள்.

“இப்ப மட்டும் எப்படிப்பா டைம் இருந்துச்சு?”

“அது வேற பிரச்சினைண்ணே,” என்றார் செயலாளர்.

நான் வேலை பார்க்கும் பத்திரிகையில் தவறான படம் வந்தால் மறுநாள் திருத்தம் போடுவோம். பேனருக்குத் திருத்தம் போடும் வழக்கம் செஞ்சியில் இல்லை.

அக்கா வந்து பேனருக்கு முன்னால் நின்றாள்.

“யாருடா இது?”

“நம்ம புள்ளதாம்மா,” என்றார் செயலாளர்.

“எந்தத் துணியோட அவனப் பொதச்சாங்களோ, அந்தத் துணியில இருக்கிற படத்தத்தான குடுத்தேன்?”

அவர் மைக்செட்காரரைக் கூப்பிடப் போய்விட்டார். அக்கா வீட்டுக்குப் போய், சட்டம் போட்ட படத்தோடு வந்தாள். மேடையில் உட்கார்ந்து, படம் கூட்டத்தைப் பார்க்கும்படி மடியில் நிறுத்திக்கொண்டாள்.

முதலில் பேசியவர் இமயமலையில் ஆரம்பித்தார். பிரான்ஸ் என்று ஒரு சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்பினேன். படித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், “அந்த இமயத்தின் பனியிலே” என்று தொடர்ந்தார்.

பிறகு வீரத் தாய்க்குப் பொன்னாடை. அரிசி மண்டிக்காரர்தான் முதலில் வந்தார். போர்த்திவிட்டு, கேமரா பக்கம் திரும்பி நின்றார். ஆடை சரிந்து படத்தை மூடியது. அக்கா அதை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் போட்டாள். அடுத்தவர் போர்த்தினார். அதையும் எடுத்துப் போட்டாள்.

செயலாளர் குனிந்து, “படத்தக் கீழ வச்சிடும்மா, போட்டோவுல மறைக்குது,” என்றார்.

அக்கா படத்தை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தி வைத்தாள்.

கூட்டம் முடிந்தபோது பக்கத்து நாற்காலியில் பதினொரு பொன்னாடைகள் கிடந்தன. படம் அவள் மடியில் இருந்தது.