சாவுக்கு ஒத்திகை பார்த்தவர்

தொண்ணூறுகளின் நடுவில், அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் ஆயாக்களுக்குப் பயிற்சி கொடுத்துவந்தேன். படுக்கைப் புண் வராமல் புரட்டிப் போடுவது, உடம்பைத் துடைத்துவிடுவது, கஞ்சி புரையேறாமல் ஊட்டுவது என்று அன்றாடப் பாடங்கள்தான்.

அங்கே கடைசி அறையில் ஒருவர் தனியாக இருந்தார். திருநங்கை என்ற சொல் அப்போது புழக்கத்தில் இல்லை. ஆயாக்கள் சொன்ன சொற்களை எழுத விருப்பமில்லை. கல்யாண வீடுகளில் சமையல் செய்து பிழைத்தவர். வாதம் வந்து ஒரு கால் விளங்காமல் போனதும், வள்ளியூரிலிருந்த அக்காள் மகன் கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போனார். ஆண்கள் கூடத்துக்கு இவர் போகமாட்டேன் என்றார். பெண்கள் கூடத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. அரிசி மூட்டை அடுக்கும் அறையை ஒழித்துக் கொடுத்தார்கள்.

ஒரு மத்தியானம் காப்பி கொண்டுபோன ஆயா அலறிக்கொண்டு ஓடிவந்தாள். மற்றவர்கள் போய்ப் பார்த்தபோது அவர் மல்லாந்து கிடந்தார். பிணத்துக்குக் கட்டுவதுபோல் தாடையைச் சேர்த்து நாடிக்கட்டு கட்டியிருந்தது. கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தது. நெற்றி நிறையத் திருநீறு. யார் கட்டினார்கள் என்று ஒருத்திக்கும் கேட்கத் தோன்றவில்லை. யார் தொடுவது என்று வாசலில் நின்று தர்க்கம் பண்ணினார்கள். ஒருத்தி சேலையை விலக்கிப் பார்ப்போமா என்றாள். இன்னொருத்தி சிரித்தாள்.

அன்று சாயங்காலம் அவர் எழுந்து உட்கார்ந்து, யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்பதை அவரவரிடமே ஒரு சொல் மாறாமல் திருப்பிச் சொன்னார். குரலில் கோபமே இல்லை. அதுதான் அவர்களை உலுக்கிவிட்டது. செத்துப் போய்த் திரும்பி வந்திருக்கிறது என்றார்கள். அந்தப் பக்கமே போகமாட்டோம் என்றார்கள்.

நான் போனேன். நாடிக்கட்டுத் துணியை மடித்துத் தலையணைக்கடியில் வைத்திருந்தார்.

"எனக்குத் தெரியணும்லா, சிஸ்டர். போனபெறவு இவளுவ கையிலதான கெடக்கணும்" என்றார். "எங்கூட இருந்தவ ஒருத்தி செத்தா. அண்ணன்மாரு வந்து முடிய வெட்டி, வேட்டியக் கட்டித் தூக்கிட்டுப் போனாவ. நான் தெருமொனையில நின்னு பாக்கேன், யாரோ ஒரு ஆம்பளையத் தூக்கிட்டுப் போறாவ. அவளக் காணும்."

எத்தனையோ பிணங்களைத் துடைத்திருக்கிறேன். இதை எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. என்ன செய்யலாம் என்று அவரையே கேட்டேன். "நான் படுத்துக்கிடுதேன். நீங்க சொல்லிக் குடுங்க" என்றார்.

மறுவாரத்திலிருந்து அதுவும் பாடத்தில் சேர்ந்தது. ஆச்சி என்றுதான் கூப்பிட வேண்டும். தொடுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். துடைக்கிற இடம் தவிர மற்றது போர்வைக்குள் இருக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக் கிடப்பார். முடிந்ததும், கை நடுங்கியது யாருக்கு, தொடையை மூட மறந்தது யார் என்று சொல்வார். ஆயாக்கள் முதலில் பயத்தில் செய்தார்கள். பிறகு களக்காட்டுக்காரி ஒருத்தி அவருக்குத் தலை வாரிவிட ஆரம்பித்தாள்.

ஒருநாள் பாடத்தின்போது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவர் நெஞ்சு ஏறி இறங்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்தேன், நாடி கிடைக்கவில்லை. மறு கையைப் பிடித்தேன். அதுவும் சில்லென்றிருந்தது. ஆயாக்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது மெல்லக் கண்ணைத் திறந்து, "பயந்துட்டியளா?" என்றார்.

ஐப்பசியில், ஆற்றில் செந்தண்ணீர் போய்க்கொண்டிருந்தபோது, காலை நேரத்தில் நிஜமாகவே போனார். டாக்டர் வந்து சொன்ன பிறகும் நாங்கள் கட்டிலைச் சுற்றிக் காத்து நின்றோம். கடைசியில் களக்காட்டுக்காரி குனிந்து, "ஆச்சி, மொகத்தத் தொடைக்கப் போறேன்" என்றாள். பதிலுக்காகக் கொஞ்சம் பொறுத்துவிட்டுத்தான் துணியை நனைத்தாள். கத்தரிப்பூ நிறச் சேலை கட்டி, பூ வைத்தோம்.

மத்தியானம் வள்ளியூரிலிருந்து அக்காள் மகன் வந்தார். கையில் புது வேட்டி, கூடவே நாவிதர் ஒருவர். களக்காட்டுக்காரி வாசல் நிலையை அடைத்து நின்றுகொண்டாள்.

"ஆச்சியக் குளுப்பாட்டிச் சேலை கட்டியாச்சு. இனி மாத்தக் கூடாது."

எங்கள் மாமாவுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாதா என்று அவர் சத்தம் போட்டார்.

"பைய பேசுங்க, அண்ணாச்சி" என்றாள். "ஆச்சிக்குக் கேக்கும்."

மிரட்டலாகச் சொல்லவில்லை. பக்கத்து அறையில் பிள்ளை தூங்குகிறது என்பதுபோலச் சொன்னாள். அவர் அவளைத் தாண்டிக் கட்டிலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இமை அசைந்ததா, ஜன்னல் வெளிச்சம் அசைந்ததா, இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. அக்காள் மகன் குரல் அடங்கிவிட்டது. நாவிதரைப் போகச் சொன்னார்.

ஆற்றங்கரையில், சிந்துபூந்துறைச் சுடுகாட்டில், சேலையோடுதான் எரித்தோம். கொள்ளி வைத்தது அக்காள் மகன்தான். ஈர வேட்டியோடு படித்துறையில் என் பக்கம் வந்து நின்று, "நெசமாவே கேட்டிருக்குமா, சிஸ்டர்?" என்றார்.

தெரியாது என்றேன்.