நான்கு டிஸ்க்குகளில் ஒரு வலசை

சபிர்குல் போன பிப்ரவரியில் இறந்துபோனார். நுரையீரல். இருபத்தாறு வருஷம் கொதிகலன் நிலையத்தில் கரா-கெச்சே சுரங்கத்து நிலக்கரியை அள்ளிப் போட்டவருக்கு வேறு எதில் சாவு வரும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். மலையடிவார ஊரான பாயெத்தோவில் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் குளிர்காலத்தில் வெதுவெதுப்பாக இருந்தது அவரால்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். வீட்டில் நான்கு ஹார்ட் டிஸ்க்குகளில் அவர் பாதி உலகத்தை வைத்து மேய்த்துக்கொண்டிருந்தது அவ்வளவாக யாருக்கும் தெரியாது.

விமானம் ஓட்டும் சிமுலேட்டர்தான். கம்ப்யூட்டரில் போட்டால் முழு உலகமும் வரும், ஆனால் மேலோட்டமாக வரும். மலைகள் பிசைந்து வைத்த மாவு மாதிரி மழுங்கி இருக்கும். உண்மையான மலையை, உண்மையான ஓடுபாதையை, அதன் ஓரத்து விளக்கைக்கூட யார் யாரோ உட்கார்ந்து செய்து இணையத்தில் சும்மா கொடுக்கிறார்கள். அந்தத் துணைத் தொகுப்புகளைத்தான் சபிர்குல் பதினேழு வருஷத்துக்கு மேலாகச் சேர்த்தார். சிலி நாட்டில் யாரோ ஒருவர் தன் ஊர் விமான நிலையத்தின் வேலிக் கம்பங்களை ஒவ்வொன்றாக எண்ணி நட்டிருந்ததைப் பார்த்த அன்று அவர் வேலைக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போனார். "இத செஞ்சவனுக்கு ஒருத்தரும் கூலி குடுக்கலையாம்," என்று கொதிகலன் நிலையத்தில் இருந்தவர்களிடம் சொன்னார். அவர்களுக்கு அது புரியவில்லை.

சேர்ந்துபோனதை எங்கே வைப்பது என்பது பெரிய கேள்வி. ஒரே டிஸ்க்கில் அடங்கவில்லை. சபிர்குல் மேய்ப்பர் வீட்டுப் பிள்ளை. அவருக்குத் தெரிந்த ஒழுங்கு ஒன்றுதான். நான்கு டிஸ்க்குகளுக்கும் நான்கு மேய்ச்சல் நிலங்களின் பெயரை வைத்தார். குளிர்காலத்துக்குக் கிஷ்தோ, வசந்தத்துக்கு ஜாஸ்தோ, கோடைக்கு ஜாய்லோ, இலையுதிர் காலத்துக்குக் கூஸ்தோ. ஒவ்வொரு நிலமும் எந்தப் பருவத்தில் ஆடு மேயத் தகுந்ததோ அந்த டிஸ்க்குக்குப் போகும். ஊரும் பள்ளத்தாக்கும் கிஷ்தோவில். மலைச்சரிவுகள் ஜாஸ்தோவில். சோங்-கோல் ஏரியும் அதைச் சுற்றிய மேட்டுநிலமும் ஜாய்லோவில். நார்வேயையும் கென்யாவையும் இப்படித்தான் பிரித்தார்.

"கென்யாவுல எந்த ஆடுடா நம்மளோடது?" என்று அண்ணி கனிஷாய் கேட்பார். சபிர்குல் கல்யாணம் செய்துகொள்ளாதவர். சாப்பாடு அண்ணன் வீட்டில். அதனால் அண்ணியின் கிண்டலும் தினப்படி கிடைத்தது.

"ஆடு இருந்தா அக்டோபர்ல மேயும் அண்ணி. அதனால கூஸ்தோ."

சிமுலேட்டரின் ஃபோல்டரில் எதுவுமே நிஜமாக இருக்காது. டிஸ்க்கில் இருக்கும் நிலத்துக்கு அங்கிருந்து ஒரு இணைப்பு மட்டும் போகும். அதை அவர் கயிறு என்பார். "கயிறு இங்க, ஆடு அங்க. கயித்த இழுத்தா ஆடு வரணும்." ஒவ்வொரு டிஸ்க்குக்கும் கம்ப்யூட்டர் ஓர் எழுத்தைக் கொடுத்திருக்கும். அந்த எழுத்தில்தான் கயிறு கட்டியிருக்கும். அந்தப் பழைய கம்ப்யூட்டரில் டிஸ்க்கைச் செருக ஒழுங்காக வேலை செய்த துளைகள் மூன்று. டிஸ்க்குகள் நான்கு. எப்போதும் ஒன்று வெளியேதான் காத்திருக்கும்.

நான்கு வருஷத்துக்கு முன்னால், ஏப்ரலில், அண்ணன் ஓமுர்குலுக்கு இதயம் பலவீனமாகிவிட்டது என்று நரின் நகரத்து டாக்டர் சொன்னார். மூவாயிரம் மீட்டருக்கு மேலே ஏறக் கூடாது, ஏறினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. ஓமுர்குல் பதினைந்து வயதிலிருந்து ஒரு ஜூன் தவறாமல் மந்தையோடு மோல்தோ கணவாயைத் தாண்டி ஏரிக்குப் போனவர். டாக்டர் சொன்னதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ஊருக்குத் திரும்பிக் குதிரைக்கு லாடம் அடித்தார்.

ஜூன் முதல் வாரத்தில் கனிஷாய் ஒரு தட்டு போர்சோக்கைத் தூக்கிக்கொண்டு சபிர்குல் வீட்டுக்கு வந்தார். எண்ணெய்ச் சூடு ஆறாத பணியாரத்தோடு அண்ணி தானே வந்தால் ஏதோ பெரிய விஷயம் என்று அர்த்தம்.

"உங்கண்ணன் வெள்ளிக்கிழமை கிளம்பறாரு. நீதான் ஏதாவது செய்யணும்."

"நான் என்ன அண்ணி செய்யறது? லாடத்தப் பிடுங்கவா?"

"பிடுங்கினா வெறுங்காலோட ஓட்டிட்டுப் போவாரு. மூணு நாள் ஊர்ல நிறுத்து. அது போதும். மந்தை கணவாய் தாண்டிட்டா தனியா கிளம்ப மாட்டாரு. மந்தைக்குப் பின்னாலதான் போவாரு, ஆளு அவ்வளவுதான்."

"மூணு நாள் எப்படி நிறுத்தறது?"

"பதினாலு வருஷமா ஒரு பெட்டி முன்னால உக்காந்திருக்கியே. உன்னையே நிறுத்தியிருக்கு. அவர நிறுத்தாதா?"

மறுநாள் சபிர்குல் அண்ணனைக் கூட்டி வந்து உட்கார வைத்தார். கிஷ்தோவைச் செருகி ஊருக்கு மேலே நிறுத்தினார். ஓமுர்குல் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நரின் ஆறு அதன் வளைவுகளோடு கிடந்தது. வெயில் சரிந்த பக்கம் மலை மடிப்புகளில் நிழல் விழுந்திருந்தது.

"நம்ம கூரை நீலமா இருக்கே. பச்சை அடிச்சு மூணு வருஷமாச்சு."

"படம் பழசு அண்ணே."

"ஆடுங்க எங்க?"

"ஆடு கிடையாது. நிலம் மட்டும்தான்."

"தொலஞ்சுபோன நெலம் மாதிரி இருக்கு," என்றார் ஓமுர்குல். ஆனால் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

சபிர்குல் அப்போதுதான் சொன்னார். உங்கள் மகன் தாலாய் மந்தையை ஓட்டிப் போகட்டும். அதே மூன்று நாளில், அதே வழியில், நீங்கள் இங்கே வாருங்கள். விமானத்தில் கொண்டுபோகிறேன்.

"எவ்வளவு நேரமாகும்?"

"இருபது நிமிஷம்."

"ஆடு இருபது நிமிஷத்துல போகுமா? நடந்துதான் வருவேன்."

சபிர்குல் சிமுலேட்டரில் நடந்ததே இல்லை. கூஸ்தோவின் அடியில், போலந்துக்காரன் ஒருவன் வேடிக்கைக்குப் பறக்கவிட்ட குளியல்தொட்டிக்குப் பக்கத்தில், விமானத்துக்குப் பதில் கால்நடையாகப் போகும் ஓர் ஆள் கிடைத்தது. தேவையில்லை என்று இரண்டு தடவை அழிக்கப் போய், செய்தவன் மனசு நோகுமே என்று விட்டுவைத்தது.

ஓமுர்குல் ஒரு நிபந்தனை போட்டார். "கணவாய் தாண்டி ஏரி வரைக்கும் தரை இருக்கணும். நடுவுல எங்கயாவது அந்துபோச்சுன்னா நான் எந்திரிச்சுக் குதிரையில ஏறிடுவேன். அப்புறம் என்னக் குத்தம் சொல்லக் கூடாது."

அதற்காக அந்த வாரம் சபிர்குல் எத்தனையோ விமான நிலையங்களைக் காலி செய்தார். நிலத்தை நெருக்கமாகக் காட்டும் தொகுப்புக்கு இடம் வேண்டியிருந்தது. சிமுலேட்டரோடு வந்த மொக்கை மலைகளை ஏரிப் பக்கத்தில் மொத்தமாக நீக்கினார். நல்லது இருக்கும்போது அது எதற்கு என்று நினைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை மந்தை தூசி கிளப்பிக்கொண்டு தெருவைத் தாண்டியது. ஓமுர்குல் வாசலில் நின்று பார்த்தார். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தார். திரையில் அந்த ஆள் நடக்க ஆரம்பித்தது, ஆட்டின் வேகத்தில். இடது, வலது என்று அண்ணன் சொல்வார், தம்பி திருப்புவார். மத்தியானம் ஓர் ஓடையைக் கண்டதும் நிறுத்தச் சொன்னார். கனிஷாய் தேநீர் கொண்டுவந்தார்.

"எங்க இருக்கீங்க ரெண்டு பேரும்?"

"கீழ் ஓடை," என்றார் ஓமுர்குல், கோப்பையை வாங்கிக்கொண்டே. "தண்ணி கலங்கலா இருக்கு. பால் கொஞ்சம் சேத்து ஊத்து."

அன்று மாலை அந்த ஆளை ஒரு பாறைக்கு அடியில் நிறுத்தச் சொல்லிவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனார். இரண்டாம் நாள் ஜாஸ்தோவின் சரிவுகளில் ஏறினார்கள். சபிர்குலுக்கு அந்த மலையை ஆயிரம் தடவை மேலிருந்து பார்த்துப் பழக்கம். ஒரு மடிப்பைக் கடக்க ஒரு மணி நேரம் ஆகும் என்பதை அவர் பார்த்ததே இல்லை. இவ்வளவு பெரியதா என்று அவருக்குள்ளே கேட்டுக்கொண்டே இருந்தது. பெரியதுதான். அவர் அதை இருபது நிமிஷத்தில் தாண்டிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

கணவாயின் அடியில் இரண்டாம் நாள் முடிந்தது. சபிர்குல் கிஷ்தோவைப் பிடுங்கிவிட்டு அந்தத் துளையில் ஜாய்லோவைச் செருகினார். டிஸ்க் இரண்டு மூன்று முறை டக் டக் என்று தட்டிவிட்டு அமைதியானது.

மூன்றாம் நாள் பத்து மணிக்குக் கணவாயின் உச்சி. இன்னும் ஓர் அடி. அந்தப் பக்கம் ஏரிச் சமவெளி விரியவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. நிலம் கிடைக்காதபோது சிமுலேட்டர் விரிக்கும் சாம்பல் தரை, வானம் தொடும் வரை தட்டையாக, ஒரு புல் இல்லாமல். அந்த ஆள் அதன் மேல் நின்றது.

சபிர்குலுக்கு, டிஸ்க்கைச் செருகியபோது கேட்ட அந்தத் தட்டல் சத்தம் ஞாபகம் வந்தது. "அண்ணே, டிஸ்க் செத்துப்போச்சுன்னு நினைக்கிறேன். இதுக்கப்புறம் நிலம் இல்ல."

கனிஷாய் வாசற்படியில் நின்றிருந்தார். ஓமுர்குல் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். தாலாய் இன்னும் கணவாய்க்குக் கீழேதான் இருப்பான். நல்ல குதிரை சாயங்காலத்துக்குள் எட்டிப் பிடித்துவிடும். அறையில் இருந்த மூன்று பேருக்கும் அது தெரியும். அவர் எழுந்தார்.

எழுந்தவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நிழல் விழுதே."

சாம்பல் தரையில் அந்த ஆளின் நிழல் விழுந்திருந்தது.

"சூரியன் மட்டும் நிஜக் கணக்கு அண்ணே. இப்ப வெளிய எங்க இருக்கோ அங்கதான் இருக்கும்."

ஓமுர்குல் ஜன்னலுக்குப் போய் வேலிக்கம்பின் நிழலைப் பார்த்தார். திரும்பி வந்து திரையைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார், தொப்பியோடு.

"நடத்து. மூடுபனின்னு வச்சுக்கலாம்."

"நிலமே இல்லண்ணே."

"மூடுபனியில மட்டும் இருக்கா? நம்ம காலே நமக்குத் தெரியாது. மூடுபனியில மந்தைய விட்டுட்டு எவனாவது எந்திரிச்சுப் போவானா? நடத்துடா."

நான்கு மணி நேரம். அந்த வெறுமையில் ஓமுர்குல் சொல்லிக்கொண்டே போனார். இப்ப இறக்கம், ஆடு ஓடும், நீ ஓடாத. நிழல இடது தோளுக்கு முன்னால வச்சுக்க. இங்க ஒரு உடைஞ்ச கல்பட்டி இருக்கும், அதச் சுத்திப் போ, நேரா போனா சதுப்பு. சபிர்குல் ஒன்றுமில்லாததைச் சுற்றிப் போனார். ஓரிடத்தில் அண்ணன் ஒரு தேநீர் குடிக்கும் நேரம் சும்மா நிற்கச் சொன்னார். பின்தங்கிய குட்டிகள் வந்து சேர வேண்டுமாம். காற்று எங்கே அடிக்கும், எங்கே அடங்கும், எந்தச் சரிவில் பனி ஜூன் கடைசி வரை கிடக்கும். சபிர்குலின் கை மட்டும்தான் வேலை செய்தது. இருபத்து மூன்று லட்சம் கோப்புகள் வைத்திருந்தவர் அவர். தன் அண்ணனுக்குள் இவ்வளவு நிலம், ஒரு கயிறுகூட இல்லாமல், நாற்பத்தாறு வருஷமாகக் கிடக்கிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. சிமுலேட்டரை மூடி என்ன கோளாறு என்று பார்க்க அவர் துணியவில்லை. மூடினால் அண்ணன் எழுந்துவிடுவார் என்ற பயம் முதல் ஒரு மணி நேரம் இருந்தது. அதற்குப் பிறகு, கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் காரணம்.

"நில்லு," என்றார் ஓமுர்குல் கடைசியில். "வந்தாச்சு. ஏரி."

அப்போது போன் அடித்தது. கணவாயின் உச்சியில் மட்டும் சிக்னல் கிடைக்கும்.

"அப்பா, இப்பதான் மேல ஏறினோம். நீங்க வீட்லதான இருக்கீங்க?"

"நான் ஏரிக்கு வந்து சேந்தாச்சு. ஏன் இவ்வளவு மெதுவா வர்றீங்க?"

"அம்மா கிட்ட குடுங்க," என்றான் தாலாய்.

அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது சபிர்குல் இருந்த இடத்தைச் சேமித்துவிட்டு சிமுலேட்டரை மூடினார். ஜாய்லோ சாகவில்லை. முழுசாக இருந்தது. கிஷ்தோவைப் பிடுங்கி அதே துளையில் செருகியதால் கம்ப்யூட்டர் அதற்குக் கிஷ்தோவின் எழுத்தைக் கொடுத்துவிட்டிருந்தது. கயிறுகள் எல்லாம் ஆடில்லாத முளையை இழுத்துக்கொண்டிருந்தன. பதினான்கு வருஷத்தில் ஒரு தடவைகூடச் செய்யாத தப்பு. எழுத்தை மாற்றினார். மறுபடி திறக்கப் பதினோரு நிமிஷம் ஆனது. மூன்று பேரும் நின்றுகொண்டே பார்த்தார்கள்.

முதலில் வானம் வந்தது. பிறகு சாம்பல் தரை மெல்லப் புடைத்தது, தூரத்தில் மலைகள் ஒவ்வொன்றாக எழுந்து தங்கள் இடத்தில் உட்கார்ந்தன. பச்சை பரவியது. கடைசியாகத் தண்ணீர் வந்தது, கண்ணுக்கெட்டிய வரை, வெளிர் நீலமாக. அந்த ஆள் ஏரிக்கரையில், ஓமுர்குலின் கூடாரம் வருஷா வருஷம் நிற்கும் வளைவில் நின்றது. சரியாகச் சொன்னால் கரையைத் தாண்டி, முழங்கால் அளவு தண்ணீரில்.

சபிர்குல் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். தொட்டால் ஏதாவது ஆகிவிடும் போல இருந்தது.

"முப்பதடி தள்ளிப் போச்சு," என்றார் ஓமுர்குல். "குட்டிங்களுக்காக இன்னும் கொஞ்சம் நின்னிருக்கணும்."

"கால் நனையுது, வெளிய வாங்க," என்றார் கனிஷாய், முகத்தை சால்வை நுனியில் துடைத்துக்கொண்டு.

தம்பி அந்த ஆளை முப்பதடி பின்னால் நடத்திக் கரையில் நிறுத்தினார். "இங்கயே இருக்கட்டும்," என்றார் அண்ணன். "யாரும் அசைக்க வேணாம்."

அந்தக் கோடையில் ஓமுர்குல் குதிரையில் கணவாய்ப் பக்கம் போகவில்லை. காலையில் வருவார், கொஞ்ச நேரம் ஏரியைப் பார்ப்பார், மேகம் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்பார், போய்விடுவார். சபிர்குல் கம்ப்யூட்டரை அணைக்கவே இல்லை. அது இரவும் பகலும் இரைந்து அறையைக் கொதிகலன் நிலையம் மாதிரி ஆக்கியது. ஜூலையில் அண்ணி கேட்டார்.

"உன் விமானத்த எல்லாம் எப்பதான் எடுக்கப் போற? துருப்பிடிக்கப் போகுது."

"செப்டம்பர்ல மந்தை திரும்பட்டும், எடுக்கலாம் அண்ணி," என்றார் சபிர்குல். "அண்ணன் இன்னும் இறங்கலையே."