எனக்கென்று ஒதுக்கிய ஜீப்

மூன்று மாதம் உட்கார்ந்து நான் வரைந்த வழியில், என்னை மட்டும் விட்டுவிட்டுப் போகலாம் என்று மூன்று ஆண்கள் முடிவு செய்திருந்தார்கள். நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

தென்காசியில் ஞாயிறுதோறும் காலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் நாங்கள் நான்கு பேர். எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், பல் டாக்டர் ஒருவர், கல்லூரியில் பாடம் நடத்துகிறவர் ஒருவர், நான். எனக்கு நாற்பத்தேழு வயது. நில அளவைக்கு வரைபடம் போடுவது என் பிழைப்பு. எங்களுடையவை கிராவல் சைக்கிள்கள். கைப்பிடி கடாக்கொம்பு மாதிரி வளைந்திருக்கும், டயர் பருமனாக இருக்கும், தார் ரோட்டிலும் ஓடும், சரளையிலும் ஓடும். பழைய குற்றாலம் வரைக்கும் போய்த் திரும்புவோம். இலத்தூர் குளக்கரையில் கல்லும் புழுதியுமாகக் கிடக்கும் வண்டிப்பாதையில் பழகுவோம்.

பண்பொழிக்கு மேற்கே மலையேறி, ஒரு காலத்தில் மரம் இறக்கிய கூப்பு ரோட்டைப் பிடித்து, காட்டுக்குள்ளேயே போய்ப் புளியறைப் பக்கம் இறங்கலாம் என்ற யோசனை என்னுடையது. எங்கே ஏற்றம், எங்கே ஓடை குறுக்கிடுகிறது, எங்கே தண்ணீர் பிடிக்கலாம் என்று பழைய வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் குறித்தேன். சாரல் காலத்தில் கல்லெல்லாம் பாசி, காலெல்லாம் அட்டை. அதனால் பனி விலகும் மாசி மாதத்தைத் தேர்ந்தெடுத்தேன். டயரில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்பதுவரை எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன்.

அனுமதிக்கு அலைந்ததும் நான்தான். வனத்துறை அலுவலகத்தில் இருந்தவர் என் மனுவைப் புரட்டிவிட்டு, "வீட்டுக்காரர் வரலையா மேடம்? அவரு சம்மதம்னு ஒரு லெட்டர் வச்சிருங்களேன்" என்றார்.

"மத்த மூணு பேரும் அவங்கவங்க வீட்டம்மாகிட்ட லெட்டர் வாங்கணுமா சார்?" என்று கேட்டேன்.

அவர் ஃபைலை மூடிவிட்டார். அடுத்த வாரம் போனேன், அதற்கடுத்த வாரமும் போனேன். கடைசியில் அனுமதி வந்தது. விண்ணப்பதாரர் என்று முதலில் என் பெயர், கீழே மற்ற மூவர். கூடவே ஒரு வழிகாட்டி வரவேண்டும் என்று நிபந்தனை. மலையடிவாரத்துக்காரரான அந்த வழிகாட்டியோடு ஒருநாள் முன்கூட்டியே பாதையின் முதல் பகுதியை நடந்து பார்த்தேன். ஒரு மூங்கில் வளைவைக் காட்டி, "வெயிலேறினா யானை இங்கனதான் தண்ணிக்கு எறங்கும். ஒம்பது மணிக்குள்ள தாண்டிரணும்" என்றார். அதையும் குறித்துக்கொண்டேன்.

புறப்படுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அண்ணாச்சியின் கடையில் கூடினோம். மேஜைமேல் வரைபடத்தை விரித்தேன். அண்ணாச்சி அதைப் பார்க்கவே இல்லை.

"மேடம், ஒரு ஜீப்பு சொல்லியிருக்கேன். நீங்க மதியச் சாப்பாட்டை எடுத்துக்கிட்டு ரோட்டு வழியா புளியறைக்கு வந்திருங்க. நாங்க அங்கன எறங்கி வந்திருதோம்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "அப்போ நான் ஓட்டலையா?"

"உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதோம். யானை கீனை வந்தா நாங்க ஓடிருவோம்."

"நீங்க ஓடுவீங்க, நான் மட்டும் நின்னு கும்பிட்டுக்கிட்டு இருப்பேனா அண்ணாச்சி?"

கல்லூரிக்காரர் குரலைத் தாழ்த்தி, "வழியில பாத்ரூம்கூடக் கிடையாதுக்கா" என்றார்.

"உங்களுக்கு மட்டும் கட்டி வச்சிருக்காங்களா?"

டாக்டர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "குரூப்புல பேசித்தான் முடிவு பண்ணினோம்க்கா" என்றார்.

"எந்தக் குரூப்புல?"

நான் இருந்த குரூப்பில் அப்படி ஒரு பேச்சே வரவில்லை. நான் இல்லாமல் இன்னொன்று தொடங்கியிருக்கிறார்கள். என் வரைபடத்தைப் படம் பிடித்து அதில் போட்டிருக்கிறார்கள். நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். எனக்கு நல்லது என்று சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை.

வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அனுமதிக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். செய்யவில்லை. மண்ணெண்ணெயை ஊற்றி சைக்கிள் செயினைத் துடைத்தேன். என் கணவர் பார்த்துவிட்டுப் பழைய துணி இன்னும் கொஞ்சம் கொண்டுவந்து வைத்தார்.

மறுநாள் விடியும்போது மலையடிவாரத்தில் நான் சைக்கிளோடு நின்றேன். மூவரும் வந்தார்கள், பின்னாலேயே ஜீப்பும் வந்தது. டிரைவர் கதவைத் திறந்து, "ஏறுங்க மேடம்" என்றார். நான் வழிகாட்டியிடம் கடிதத்தைக் கொடுத்தேன். அவர் நிதானமாக வாசித்தார்.

"அம்மா பேருலதான் பர்மிசன் இருக்கு. அவங்க வரலைன்னா யாரையும் உள்ள விடமுடியாது" என்றார். பிறகு, "வழி யாருக்குத் தெரியுமோ அவங்க முன்னால வாங்க" என்று தன் மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

அவருக்குப் பின்னால், மற்ற மூவருக்கும் முன்னால் நான் போனேன். ஜீப் சாப்பாட்டோடு தனியாகப் புளியறைக்குப் போனது.

ஏற்றத்தில் நான்கு பேருமே இறங்கித் தள்ளினோம். அண்ணாச்சி நான் எழுதியனுப்பியதைப் படிக்காமல் டயரில் காற்றைத் திணித்து வந்திருந்தார். கூரான கல்லில் டியூப் போயிற்று. நான்தான் மாற்றினேன். ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மூங்கில் வளைவைத் தாண்டினோம். பாதையில் கிடந்த யானை லத்தியில் இன்னும் ஆவி பறந்தது.

அதற்கப்புறம் காடு இருண்டது. நாலு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரங்கள். தென்காசிக் கோயிலுக்குக் கல் செதுக்கிய நாளிலேயே இவை இங்கே நின்றிருக்குமோ என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டிய பதில்களைத்தான் மனசு தயாரித்துக்கொண்டிருந்தது. பிந்தினால் "அப்பவே சொன்னோம்ல" என்பார்களே என்று எங்குமே நின்று பார்க்கவில்லை. இருவாச்சிப் பறவை தலைக்குமேல் பறந்தது என்று டாக்டர் பிறகுதான் சொன்னார். என்னை ஜீப்பில் ஏறச் சொன்னதைவிட, காட்டைப் பார்க்கவிடாமல் செய்த இதுதான் பெரிய கொள்ளை.

புளியறையில் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் இறங்கினோம். லாரிக்காரர் ஒருவர் என் சைக்கிளைப் பார்த்துவிட்டு, "நீங்களுமா காட்டுக்குள்ளயிருந்து வருதீங்க?" என்று வியந்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி, "நாங்கதான் தைரியம் சொல்லிக் கூட்டியாந்தோம்" என்றார்.

"யாரும் கூட்டியாரலை அண்ணாச்சி. நான் வந்தேன்" என்றேன். சத்தமாகவே சொன்னேன். கடைக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்றைக்கே நான் இருந்த குரூப்பிலிருந்து வெளியே வந்தேன். டாக்டர் மட்டும் ஒருநாள் வீட்டுக்கு வந்து, "தப்புதான்க்கா" என்றார். காப்பி கொடுத்தேன். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. மற்ற இருவரும் இன்றுவரை அந்தப் பயணத்தைத் தங்கள் பயணமாகவே சொல்லிவருகிறார்கள்.

போன வாரம் மறுபடியும் மனு கொடுத்திருக்கிறேன். இந்தத் தடவை இரண்டே பேர். நானும், போன வருஷம்தான் சைக்கிள் பழகிய என் அலுவலகத் தோழியும். "ஒருக்கா போயாச்சே மேடம், திரும்ப எதுக்கு?" என்று அன்றைக்கு லெட்டர் கேட்ட அதே ஆள் கேட்டார். காரணம் எழுதும் கட்டத்தில், "சென்ற முறை காட்டைப் பார்க்கவில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.