தோல் ஒட்டுக்குக் கீழே இருந்த ஸ்க்ரூ

அன்று காலையும் எங்கள் ஷூ கம்பெனி பஸ் பேரணாம்பட்டு நிறுத்தத்தில் நின்றது. யாரும் ஏறவில்லை. டிரைவர் அண்ணன் இன்ஜினை அணைக்காமல், ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொன்னார்: "ஷபானா மௌத்தாயிடுச்சாம்மா. வேலூர் ஆஸ்பத்திரியில. இப்பதான் போன் வந்துச்சு."

தினமும் குடியாத்தத்துக்குப் பக்கத்தில் நான் ஏறியதும் பக்கத்து இருக்கையில் என் பையை வைத்துவிடுவேன். பேரணாம்பட்டில் ஷபானா அக்கா ஏறியதும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். அக்கா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களைப் போலவே அன்றைக்கும் ஆம்பூர் வரும்வரை அந்தப் பையை நான் எடுக்கவில்லை. பைக்குள் அக்காவின் லேப்டாப் இருந்தது. அதைப் பற்றி இன்றைக்காவது கம்பெனியில் யாரிடமாவது கேட்டுவிட வேண்டும் என்று எடுத்து வந்திருந்தேன்.

அக்கா இறந்த பிறகு, அவர் வேலை செய்த, ஷூவுக்கு அளவுப் படம் வரைகிற பேட்டர்ன் ரூமில் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் எழுதி நோட்டாகத் தைக்கிறார்கள். அக்காவின் மகள் அமீனா வளர்ந்த பிறகு படிப்பதற்கு. என்னையும் கேட்டார்கள். நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பேசவும் வராது. ஆனாலும் நான் எழுதாமல் இருக்க முடியாது. கம்பெனியில் உங்கள் யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் என்னிடம் இருக்கிறது.

நான் தையல் லைனில் சேர்ந்த முதல் மாதம் என் மெஷினில் ஊசி உடைந்தது. நம் கம்பெனியில் அதற்கு என்ன விதி என்று உங்களுக்குத் தெரியும். உடைந்த ஊசியின் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, தாளில் டேப் போட்டு ஒட்டி, சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு ஷூவுக்குள் போய்விட்டால் போட்டுக்கொள்கிறவர் காலில் ஏறும். எனக்கு இரண்டு துண்டு கிடைத்தது, முனை மட்டும் கிடைக்கவில்லை. லைனை நிறுத்திவிட்டார்கள். சூப்பர்வைசர் மேலும் கீழும் நடந்துகொண்டே திட்டினார். பெண்கள் தரையில் உட்கார்ந்து காந்தத்தால் தேடினார்கள்.

முனை எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். அது சூப்பர்வைசருடைய செருப்பின் அடியில் குத்திக்கொண்டதை நான் பார்த்தேன். அவரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. ஏதோ அட்டை கொடுக்க வந்த ஷபானா அக்கா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"சார், அந்தப் பொண்ணக் கேளுங்க. நீங்க எங்க போனாலும் அவ கண்ணு உங்க காலுக்குப் பின்னாடியே வருது."

அவர் செருப்பைத் திருப்பினார். முழு லைனும் சிரித்தது. நான் மட்டும் அழுதேன்.

சாயங்காலம் பஸ்ஸில் அக்கா தானாகவே என் பையை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். "இன்னாடி பொண்ணு நீ? நாங்க ரம்ஜான் மாசம் சோத்துக்குத்தான் நோன்பு இருப்போம். நீ வருஷம் பூரா வாய்க்கே நோன்பு இருக்கற." பிறகு குரலைத் தாழ்த்தி, "தெரிஞ்சத சொல்லணும். தெரியலன்னா கேக்கணும். வாயத் தொறந்தா பல்லு ஒண்ணும் கொட்டிடாது" என்றார்.

அதிலிருந்து அந்த இருக்கை அவருடையது.

அவருடைய லேப்டாப் ப்ளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்தது. மூடியின் கீல் ஒரு பக்கம் உடைந்துபோனதால், அந்த மூலையில் அக்கா கறுப்புத் தோல் துண்டு ஒன்றை வெட்டி, அடிப்பக்கம் வரை மடித்து, ஷூ அடி ஒட்டுகிற சொல்யூஷனைப் போட்டு ஒட்டியிருந்தார். ஓரத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல், ஏதோ விலை உயர்ந்த ஷூவின் மூக்கு மாதிரி இருக்கும். வேறு யாராவது லேப்டாப்பைத் தொட்டால், "தோல் மேல நகம் படாம பாத்துக்கோ" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது அது திறக்கவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், ஆபரேட்டிங் சிஸ்டம் கிடைக்கவில்லை என்று இங்கிலீஷில் வந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. அக்கா அசையவில்லை. "உடனே தொறந்து பாக்கக் கூடாது. வெளியிலேர்ந்து உள்ள வரணும்" என்றார். முதலில் சொருகியிருந்த பென் டிரைவைப் பிடுங்கினார். பட்டனை அழுத்தியதும் லேப்டாப் சாதாரணமாகத் திறந்துகொண்டது. தன்னிடம் இருப்பதை விட்டுவிட்டு அது பென் டிரைவில் போய்த் தேடிக்கொண்டிருந்ததாம்.

"இதுலயும் சரியாகலன்னா?" என்று கேட்டேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அட, கேள்வி கேக்குதே" என்றார். சந்தோஷத்தில் மற்றதையும் சொன்னார். பேட்டரியைக் கழற்றிவிட்டு, முப்பது எண்ணும்வரை பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும். அதிலும் சரியாகவில்லை என்றால், ஆன் ஆகும்போது செட்டிங் பக்கத்துக்குப் போய், டிஸ்க்கின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெயர் இல்லை என்றால்தான் அடிப்பக்கத்தைத் திறக்க வேண்டும். திறக்கும்போது லேப்டாப்பின் படத்தைத் தாளில் வரைந்து, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அதன் இடத்தில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். "நம்ம ஊசித் தாள் மாதிரியே. எல்லாம் வந்துதா இல்லையான்னு தாளே சொல்லிடும்."

அன்று அவர் லேப்டாப்பில் எனக்கு ஒரு படம் காட்டினார். அமீனாவுக்கு இடது கால் பிறவியிலேயே கொஞ்சம் குட்டை, பாதமும் சிறியது. கடை ஷூ எதுவும் சேராது. செருப்பு போட்டு, ஒரு பக்கம் நுனிக்காலில் நடப்பாள். அக்கா தை மாதத்தில் அவள் பாதங்களை அளந்து, இரண்டு ஷூவுக்கும் தனித்தனியாகப் பேட்டர்ன் வரைந்திருந்தார். இடது ஷூவின் அடி உள்பக்கமாக உயரும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஜூனில் ஒன்றாம் வகுப்பு. "ஸ்கூலுக்கு முதல் நாள் போறப்ப யாரும் அவ கால குனிஞ்சு பாக்கக் கூடாது. மூஞ்சியப் பாக்கணும்" என்றார்.

மே மாதம் இதய வால்வு ஆபரேஷனுக்கு வேலூருக்குப் போவதற்கு முந்தின நாள், பஸ்ஸில் லேப்டாப்பை என் மடியில் வைத்தார். மறுபடியும் திறக்கவில்லை. "பென் டிரைவ் எதுவும் இல்ல, பாத்துட்டேன். மீதிய நீ பாரு. படம் இதுக்குள்ள மட்டும்தான் இருக்கு. எடுத்து கட்டிங் மாஸ்டர்கிட்ட குடுத்துடு, அவர் வெட்டித் தர்றேன்னாரு. எங்கயாவது நின்னுட்டா எனக்கு போன் பண்ணு. ஆஸ்பத்திரியில சும்மா படுத்துக்கினு தானே இருப்பேன்."

வீட்டில் ஒவ்வொன்றாகச் செய்தேன். பேட்டரியைக் கழற்றினேன், முப்பது எண்ணினேன். செட்டிங் பக்கத்தில் டிஸ்க்கின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. தாளில் படம் வரைந்தேன். பதினோரு ஸ்க்ரூவைக் கழற்றி ஒட்டினேன். ஆனாலும் அடித்தட்டு ஒரு மூலையில் பிடித்துக்கொண்டே இருந்தது. அந்த மூலையில்தான் அக்கா ஒட்டிய தோல் இருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தேன். அடியில் சின்னப் பள்ளம் தட்டியது. பன்னிரண்டாவது ஸ்க்ரூ அங்கேதான்.

அந்தத் தோலை வெட்டலாமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். போனை எடுத்தேன். உடம்பு சரியில்லாதவரிடம் இதைப் போய் எப்படிக் கேட்பது என்று தோன்றியது. சரி, எழுதிவிடலாம் என்று, "அக்கா, அந்தத் தோலை" என்று எழுதி அழித்தேன். மறுநாள் "அக்கா, எப்படி இருக்கீங்க" என்று எழுதி, அதையும் அழித்தேன். குடியாத்தத்தில் ரிப்பேர் கடை வரைக்கும் போனேன். கடை நிறைய ஆம்பிளைகள். எதிர்ப்பக்கம் நின்று, அவர்கள் போகட்டும் என்று பார்த்திருந்துவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டேன். இப்படியே ஐந்து நாள் போனது. ஆறாவது நாள் காலையில்தான் பேரணாம்பட்டில் டிரைவர் அண்ணன் அந்தச் செய்தியைச் சொன்னார்.

அதற்குப் பிறகு லேப்டாப்பை நான் தொடவே இல்லை. பள்ளிக்கூடம் திறந்தது. அமீனா செருப்பு போட்டுக்கொண்டு போகிறாள் என்று பஸ்ஸில் யாரோ சொன்னார்கள்.

அக்காவுக்காக நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதியபோது நாம் எல்லோரும் அவர் வீட்டுக்குப் போனோம். நீங்கள் கிளம்பிய பிறகும் நான் நின்றதைச் சிலர் கவனித்திருப்பீர்கள். அக்காவின் கணவர் சாதிக் பாயிடம் லேப்டாப்பையும், டேப் ஒட்டிய தாளையும் நீட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியவில்லை. என் வாழ்க்கையிலேயே அவ்வளவு பேசியதில்லை.

அவர் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை செய்கிறவர், அதிகம் பேசமாட்டார். தோல் ஒட்டின் மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்:

"நீ எழுதி எழுதி அழிச்சது அவளுக்குத் தெரியும்மா. போன்ல மேல காட்டுமில்ல, டைப் பண்றாங்கன்னு. என்கிட்ட காட்டிச் சிரிச்சா. 'பாருங்க, அந்த ஊமை எழுதுது. இப்ப நின்னுடும் பாருங்க'ன்னா. நின்னுச்சு. 'எங்கயோ மாட்டிக்கிச்சு, கேக்க மாட்டேங்குது. ஆபரேஷன் முடியட்டும், நானே கூப்பிட்டுக் கேக்கறேன்'ன்னா."

பிறகு லேப்டாப்பை என் பக்கமே நகர்த்தினார்.

"வெட்டு. அவ இருந்தாலும் வெட்டத்தான் சொல்லியிருப்பா" என்றார்.

நூல் வெட்டுகிற கட்டரால் தோலின் ஓரத்தைக் கிளப்பினேன். சொல்யூஷன் வாசனை வந்தது. நம் லைனின் வாசனை. அடியில் பன்னிரண்டாவது ஸ்க்ரூ பளிச்சென்று, புதிது மாதிரி இருந்தது. அதைக் கழற்றி, தட்டைத் தூக்கியதும் டிஸ்க் தன் இடத்திலிருந்து நழுவியிருந்தது தெரிந்தது. லேப்டாப் தினமும் அக்காவோடு பஸ்ஸில் ஆடி ஆடி வந்ததில் நழுவியிருக்கும். விரலால் தள்ளினேன், உட்கார்ந்துகொண்டது. பட்டனை அழுத்தினேன். லேப்டாப் திறந்தது.

அவ்வளவுதான் வேலை. எண்ணிப் பார்த்தால் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

மறுநாள் படத்தைக் கட்டிங் மாஸ்டரிடம் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "கோடு ஒவ்வொண்ணும் எவ்ளோ சுத்தமா போட்டிருக்கு பாரு. ஆனா இது தையில எடுத்த அளவு. குழந்த காலு அப்படியேவா இருக்கும்? போய் மறுபடி அளந்துட்டு வா" என்றார்.

அமீனாவைத் தாள் மேல் நிற்கச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அவளுக்கு இல்லை. "மொதல்ல சின்னக் காலு. அம்மி எப்பவும் அதத்தான் மொதல்ல எடுப்பாங்க" என்று இடது காலை வைத்தாள். அக்காவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள், அம்மி என்று. பென்சில் உள்ளங்கால் ஓரம் போனபோது கூசிச் சிரித்தாள். அவளுடைய வலது கால் படத்தைவிட நன்றாகவே வளர்ந்திருந்தது. இடது கால் அவ்வளவாக வளரவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் முன்னைவிடக் கூடியிருந்தது. அடியை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று அக்கா போட்டிருந்த கணக்கு இனி உதவாது. அந்த ஐந்து நாளில் நான் கேட்டிருந்தால், பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் அவள் ஷூ போட்டுக்கொண்டு போயிருப்பாள். இதை வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியவில்லை. அமீனா, நீ இதைப் படிக்கும்போது உனக்கும் தெரியட்டும்.

மாஸ்டரும் பேட்டர்ன் ரூம் ஆட்களும் புது அளவில் மறுபடி வரைகிறார்கள். எனக்குப் புரியாத இடங்களில் ஏன், எப்படி என்று கேட்கிறேன். "இன்னாம்மா இவ்ளோ கேள்வி, பேஜாரா இருக்குது" என்று மாஸ்டர் போன வாரம் அலுத்துக்கொண்டார். இடது ஷூவின் மேல்பாகத்தை நான்தான் தைக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் கால் வளர்ந்து முடியும்வரை ஒவ்வொரு முறையும் அளவெடுக்கப் போவதும் நான்தான்.

அக்காவின் நினைவாக என்னிடம் இருப்பது நான் ஸ்க்ரூ ஒட்டிய அந்தத் தாள். பதினோரு இடத்தில் டேப்பைப் பிரித்து எடுத்த தழும்பு இருக்கிறது. அந்த ஸ்க்ரூக்கள் திரும்ப லேப்டாப்புக்கே போய்விட்டன. பன்னிரண்டாவதை மட்டும், "இத நான் வெச்சுக்கட்டுமா பாய்?" என்று கேட்டேன். அவர் தலையாட்டினார். அதை அதன் இடத்தில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன்.