தள்ளிப் போனது

விழுப்புரத்தில் நைட் டூட்டி முடித்து, பஸ் பிடித்துத் திண்டிவனம் வீட்டுக்கு வந்தால், என் தூக்கத்துக்கு முதல் எதிரி மிக்ஸி. இரண்டாவது டிவி. மூன்றாவது, சொன்னால் கோபித்துக்கொள்வார், என் மாமியார். தங்கமான மனசு, குரல்தான் தெருமுனை வரை கேட்கும். "பகல்ல படுத்துக்கினு இருந்தா வீட்டுக்கு ஆவாதும்மா" என்பார். நர்ஸுக்கு அது பொருந்தாது என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

இதில் என் மாதவிலக்கு தாறுமாறாகிவிட்டிருந்தது. டாக்டரம்மாவிடம் காட்டினேன். "மாத்திரை அப்புறம். முதல்ல ஒரு மாசம் ஒழுங்கா தூங்கு" என்றார். தூக்கம் என்ன மருந்துக்கடையிலா கிடைக்கிறது? எரிச்சலாக வந்தது. உள்ளுக்குள் பயமாகவும் இருந்தது.

அந்த வாரம் எனக்குத் தரவேண்டிய ஆஃபையும் ஒத்திவைத்துவிட்டார்கள். கூட வேலை செய்யும் அக்காவிடம் போனில், "எனக்கும் தள்ளிப் போச்சுக்கா" என்று புலம்பினேன். பக்கத்தில் மாமியார் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து வீடே மாறிப்போனது. நான் எழுந்த பிறகுதான் மிக்ஸி ஓடியது. டிவியில் சத்தமே இல்லை. கதவை அடித்துச் சாத்திய என் கணவருக்குத் திட்டு விழுந்தது. நான் காரணம் கேட்கவில்லை. கேட்டுக் கெடுப்பானேன் என்று அடித்துப்போட்டாற்போல் தூங்கினேன்.

அந்த மாதம் சரியான தேதிக்கு வந்தது. சந்தோஷம் தாங்காமல் சமையலறைக்கு ஓடினேன்.

"அத்தை, இந்த மாசம் கரெக்டா வந்துடுச்சு!"

கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். "ஐயோ, என்னாம்மா சொல்ற? தள்ளிப் போச்சுன்னு போன்ல சொன்னியே!"

"அது ஆஃப் அத்தை! லீவுதான் தள்ளிப் போச்சு!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பாவமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டரம்மா சொன்னதையெல்லாம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். அவர் குறுக்கே பேசாமல் இருந்து அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் டூட்டி முடிந்து வந்து, இனி மிக்ஸி பழையபடி ஓடும் என்ற பயத்தோடுதான் படுத்தேன். ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டம்மாவின் குரல் கேட்டது.

"என்னாக்கா, இவ்ளோ மெதுவா பேசற? மருமவளுக்கு விசேஷமா?"

"விசேஷம்னாத்தான் தூங்கணுமா? ராத்திரி பூரா நின்னுட்டு வந்திருக்குது. நீ அந்தாண்ட வந்து பேசு."

அதற்குப் பிறகு அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.