சுருட்ட முடியாத திரௌபதி

என் சித்தப்பா ஓவியர். சென்னையில் ஓவியம் படித்துவிட்டு, மணலூர்பேட்டை பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கே திரும்பி, பாரதக் கதையைப் பழைய முறைப்படி துணியில் வரைகிறேன் என்று உட்கார்ந்துவிட்டவர். கடைச் சாயம் ஆகாது. வெள்ளிமலையிலிருந்து கடுக்காய் வரும். அதை எருமைப்பாலில் கரைத்துத் துணியை ஊறவைப்பார்; அன்றைக்கு எங்களுக்கெல்லாம் கடுங்காபிதான். கறுப்புச் சாயத்துக்குத் துருப்பிடித்த ஆணியையும் வெல்லத்தையும் பானையில் போட்டு வாரக்கணக்கில் புளிக்க வைப்பார். அந்த நாற்றத்தில் அம்மா படாத பாடு பட்டாள்.

அந்த வருஷம் அவருடைய முதல் கண்காட்சி சென்னையில் நடக்க இருந்தது. அதற்காக ஆளுயரத் திரௌபதி ஒன்று வரைந்தார், விரித்த கூந்தலோடு. முகத்துக்கு மாதிரியாக உட்கார்ந்தவள் என் அத்தை, அப்பாவின் தங்கை. தையல் வேலைக்குச் சென்னை போகிறேன் என்று அவள் கேட்டு, அப்பா ஒரே பிடியாக முடியாது என்றிருந்த சமயம். அந்தக் கோபம் முழுக்கப் படத்தில் இறங்கியிருந்தது.

கண்ணைக் கடைசியில்தான் வரைய வேண்டும் என்பது பழைய முறை. சித்தப்பா அதை ஒரு வெள்ளிக்கிழமை காலையில், நடுவீட்டில் வைத்து வரைந்தார். அங்கேதான் மனிதர் கோட்டைவிட்டார். கருவிழி விழுந்ததுதான் தாமதம், அம்மா கற்பூரத்தைக் கொளுத்திவிட்டாள். தெருவே தேங்காயும் பூவுமாக வந்து நின்றது. எங்கள் பக்கத்தில் திரௌபதி என்றால் வெறும் கதையில் வருகிறவள் இல்லை, தீமிதி நடக்கிற அம்மன்.

சாயங்காலம் படத்தை ஏற்றக் குட்டியானை வண்டி வந்தது. சித்தப்பா துணியைச் சுருட்டக் குனிந்தார்.

“டேய், ஆத்தாவப் போயி பாயாட்டம் சுருட்டுவியா?” என்று பாய்ந்தார் அப்பா. “கண்ணு தொறந்துட்டா. இனிமே இந்த வூட்ட வுட்டு நவுரக் கூடாது.”

“அது படம்ணே! காலைல செவுத்துல மாட்டணும். இல்லன்னா என் பொழப்பே போச்சு.”

சித்தப்பாவுக்கு அழுகையே வந்துவிட்டது. வெளியே வண்டிக்காரர் வேறு ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார்.

அப்போது உள்ளேயிருந்து ஒரு கூச்சல். அத்தை தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, கையில் வேப்பிலையோடு ஆடியபடி வந்தாள். படத்தில் இருந்த அதே முகம், அதே முழி. அப்பா சட்டென்று தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

“நான் பட்டணம் போவணும்டா! வழிய வுடுடா!”

சொந்த அண்ணனை அவள் ‘டா’ போட்டது அதுதான் முதல் தடவை.

“சுருட்டலாமா தாயே?” என்றார் அப்பா பவ்யமாக.

“மஞ்சத்துணில சுருட்டு! ஆனா ஒண்டியா போவ மாட்டேன். தொணைக்கு ஒரு பொண்ணு வரணும்!”

“யாரு தாயே வரணும்?”

“இன்னாடா கேள்வி? நான் யாரு மேல வந்துக்கீறனோ, அவதான்டா!”

அப்பா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அரை மணி நேரத்தில் வண்டி கிளம்பிவிட்டது. திரௌபதி மஞ்சள் துணியில் சுருண்டிருந்தாள். அத்தை முன் சீட்டில் தலைவாரிப் பூ வைத்து உட்கார்ந்திருந்தாள். கண்காட்சி முடிந்து திரௌபதி திரும்பி வந்தாள். அத்தை வரவில்லை.

எனக்கு அன்றைக்கு ஆச்சரியம் ஒன்றுதான். அத்தை ஆடத் தொடங்குவதற்கு முன்பே அவளுடைய பை ஜிப் போட்டு, கதவுக்குப் பின்னால் தயாராக இருந்ததை நான் பார்த்திருந்தேன். சாமிக்கு எல்லாம் முன்கூட்டியே தெரிந்திருக்கிறதே என்று பயந்துபோய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.