புயலன்று பிறந்தவர்

ராமேஸ்வரத்தில் அந்த டீக்கடைக்காரர் யாரிடம் கிளாஸை நீட்டினாலும், "தனுஷ்கோடிப் புயலடிச்ச அன்னைக்குப் பொறந்தவன் நான்" என்பார். வருஷாவருஷம் அந்த நாளில் டிவிக்காரர்கள் அவரைத் தேடி வருவார்கள். கழுத்துப் பட்டன்வரை மாட்டிய வெள்ளைச் சட்டையில் நிற்பார். எனக்கு வயிறு எரியும். புயலைக் கண்ணால் பார்த்தவன் நான். என்னிடம் ஒருத்தனும் மைக்கை நீட்டியதில்லை.

"ஒங்களுக்கு என்னைக்குண்ணே பொறந்தநாளு?" என்று ஒருமுறை கேட்டார்.

பள்ளியில் சேர்த்தபோது, தலைக்கு மேல் கைபோட்டு நான் காதைத் தொட்டதும் வாத்தியார் எழுதிய தேதியைச் சொன்னேன். "எங்க வகுப்புல பாதிப் பேருக்கு அதே நாளுதான்."

"குடுத்துவச்சவருண்ணே நீங்க. கேக் வெட்டலாம். என் நாள்ல ஊரே திவசம் குடுக்குது."

திவசமோ என்னவோ, அவருக்கென்று ஒரு நாள் இருக்கிறது. நான் பிறந்த நாள் என்னைப் பெற்றவளுக்கே தெரியாது.